சிபிடி அமர்வுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் ஆலோசகர்களை மேற்பார்வை செய்யத் தொடங்குபவர்களுக்கான விளக்கம் இது. சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை. சிகிச்சையாளர் சிபிடியைத்தான் செய்கிறாரா, அதை எவ்வளவு திறமையாகச் செய்கிறார் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். ஒரே மதிப்பெண்ணில் இரண்டையும் அடைக்காதீர்கள்.

முதலில் எழுத்தில் சம்மதம் வாங்கி, முழு அமர்வையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த அமர்வு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சிகிச்சையாளரே தேர்ந்தால் நல்லது மட்டும்தான் வரும். கரையோர ஊர்களில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மதிப்பிடுபவர் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும்.

அடுத்தது அளவுகோல். யங், பெக் என்ற இரு உளச்சிகிச்சை வல்லுநர்கள் 1980-இல் உருவாக்கிய அளவுகோலில் (CTS) 11 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. வழக்கமாக 40 எடுத்தால் தேர்ச்சி. 2001-இல் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் (CTS-R) 12 அம்சங்கள், மொத்தம் 72, தேர்ச்சி 36. ஒன்றின் மதிப்பெண்ணை மற்றதன் தேர்ச்சிக் கோட்டோடு ஒப்பிடக் கூடாது.

இனி கேட்கும் வேலை. எண்ணைப் போடுமுன் சான்றாக அமர்வில் வந்த வாக்கியத்தை எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு, கடலுக்குப் போன மீனவரின் மனைவி சொல்கிறார், சிகிச்சையாளர் பதில் தருகிறார்:

"அவரு போன் எடுக்கலைன்னா நேவிக்காரன் புடிச்சிட்டான்னுதான் தோணுது தம்பி."
"அப்படி நினைக்காதீங்க அக்கா, சிக்னல் இருக்காது."

இது வெறும் ஆறுதல். கேள்வி கேட்டு அவரையே கண்டறிய வைக்கும் அம்சத்துக்கு இதில் சான்றே இல்லை. "போன வாரம் எடுக்காதப்ப என்ன நடந்துச்சு அக்கா? அதுக்கு முன்னாடி?" என்று போயிருந்தால் மதிப்பெண் ஏறும். ஆனால் இங்கே கைது என்பது நிஜமான அபாயம். அது நடக்கவே நடக்காது என்று நிரூபிக்கப் பார்ப்பவருக்குக் குறைத்தே போடுங்கள். ராத்திரி முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருப்பது பயத்தை எப்படி வளர்க்கிறது என்று சேர்ந்து ஆராய்பவருக்குக் கூடுதல் கொடுங்கள்.

வீட்டுப்பாடத்தில், அதாவது அடுத்த அமர்வுக்குள் செய்யக் கொடுக்கும் பயிற்சியில், கவனம் தேவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த அக்காவின் புருஷன் விசைப்படகுத் தொழிலாளி. தடைக்காலத்தில் வீட்டிலேயே இருக்கிறார். அப்போது 'ராத்திரி போன் அடிக்காமல் இருங்கள்' என்று கொடுத்தால், வீட்டுப்பாடம் கொடுத்தார் என்று குறிக்கலாம். திறமைக்கு மதிப்பெண் கிடையாது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்க" என்பதும் அப்படித்தான். மரியாதைக்கு எல்லோரும் சரி என்பார்கள். புரிந்ததை நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்திருக்க வேண்டும்.

கனிவாகப் பேசுபவருக்கு எல்லா அம்சத்திலும் தாராளமாகப் போட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் நடக்கும் பிழை. நோயாளி தேறினாரா என்று பார்த்துப் போடுவதும் தவறு. கடினமான நோயாளியிடமும் நல்ல சிகிச்சை நடக்கும்.

இருவர் தனித்தனியாகப் போட்டு முடித்த பிறகே பேசுங்கள். ஓர் அம்சத்தில் 2 புள்ளிக்கு மேல் விலகினால் சராசரி எடுக்காமல் அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். நாளாக நாளாகக் கை தளர்ந்தோ இறுகியோ போகும் என்பதால், பழைய பதிவு ஒன்றை அவ்வப்போது மறுபடி மதிப்பிட்டு ஒப்பிடுங்கள்.

சிகிச்சையாளரிடம் மொத்தத்தை மட்டும் நீட்டாதீர்கள். பதிவில் எத்தனையாவது நிமிடம், என்ன சொன்னார், பதிலாக என்ன கேட்டிருக்கலாம் என்று அம்சம் அம்சமாகக் காட்டுங்கள்.