பிராக்கை முதல் முறையாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி: மேட்டிலிருந்து இறங்கும் திட்டம்

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், யூதர் குடியிருப்பு. ஆனால் எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து அங்கே போகிறோம் என்பதில்தான் பயணத்தின் சுகமே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் காலை பத்து, பதினொரு மணிக்குப் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, நெரிசலில் பாலத்தைக் கடந்து, உச்சி வெயிலில் கோட்டை மேட்டில் ஏறுகிறார்கள். சாயங்காலம் கால் கெஞ்சும், எதைப் பார்த்தோம் என்று நினைவிருக்காது. அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். அதற்கான திட்டம்தான் இது. மூன்று நாள் போதும்.

படி 1: விசாவும் மாதமும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் முடிந்தவரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரே பயணத்தில் வேறு நாடுகளுக்கும் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும்தான். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகாக இருக்கும், ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் இருக்கும்.

படி 2: தங்கும் இடம்

இதில்தான் பாதி வேலை முடிகிறது. பழைய நகரத்துக்குள் அறை எடுத்தால் வாடகையும் அதிகம், இரவு சத்தமும் அதிகம். அதற்குப் பதிலாக வினோஹ்ராடி பகுதியில், நாமெஸ்தி மிரு சதுக்கத்தைச் சுற்றித் தேடுங்கள். காரணம் எளிது. விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் டிராலிபஸ் உங்களை நாட்ராஷி வெலெஸ்லாவின் மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிடும். அங்கே பச்சை நிற ஏ பாதையில் ஏறினால், நடுவில் மாறாமல் நேராக நாமெஸ்தி மிரு. அந்தச் சதுக்கத்தின் வழியாகவே 22ஆம் எண் டிராமும் போகிறது. கோட்டைக்கு ஏற்றிச் செல்லும் டிராம் அது.

பெட்டியோடு வீட்டு எண் தேடும்போது ஒன்று கவனியுங்கள். பிராக்கில் ஒரே வாசலில் இரண்டு பலகைகள் இருக்கும். நீலப் பலகையில் இருப்பது தெருவின் வரிசை எண், நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். சிவப்புப் பலகையில் இருப்பது அந்தப் பகுதியின் பதிவு எண். முகவரியில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள், குழம்பிவிட வேண்டாம்.

படி 3: பணம்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே செலாவணி யூரோ இல்லை, கொருனா. யூரோவை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டம். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கையில் கொஞ்சம் கொருனா போதும், கட்டணக் கழிப்பறைக்கும் சின்னக் கடைகளுக்கும்.

ஏடிஎம்மில் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் அதே பதில்தான். தெருவோரப் பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் பதற வேண்டாம்: 1,000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை 2019லிருந்து செக் சட்டம் தருகிறது. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

படி 4: டிக்கெட்டை முத்திரையிடுங்கள்

மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். மூன்று நாளுக்கு 72 மணி நேர டிக்கெட் வாங்கிவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியின் இடுக்கில் காகித டிக்கெட்டைச் செருகுங்கள். "டக்" என்று நேரம் அச்சாகும். அது அச்சாகாத வரைக்கும் நீங்கள் டிக்கெட் வாங்காத மாதிரிதான். மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, அதனால் மறந்துபோவது சுலபம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் அபராதம் போட்டுவிடுவார்கள். ஒரு முறை முத்திரையிட்டால் போதும், ஒவ்வொரு வண்டியிலும் தேவையில்லை.

படி 5: முதல் நாள், மேட்டிலிருந்து கீழே

காலை ஏழரை மணிக்கு 22ஆம் எண் டிராமில் ஏறுங்கள். கோட்டையின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் வரும். அங்கே இறங்காமல் இன்னும் கொஞ்சம் மேலே போய், போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்தில் ஸ்ட்ராஹோவ் மடாலயம். அதன் தோட்டத்து ஓரம் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும், வுல்டாவா நதியும், நூற்றுக்கணக்கான கோபுர நுனிகளுமாக முழு நகரமும் கீழே கிடக்கும். இதன் பிறகு அன்றைக்கு நீங்கள் நடக்கப்போவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒன்பது மணிக்குக் கோட்டைக் கட்டடங்கள் திறக்கும். நேராகப் புனித வீட்டஸ் பேராலயத்துக்குப் போங்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்கு மதியம்தான் திறப்பார்கள், அன்றைக்கு இந்த நாளை வைக்காதீர்கள்.

இந்தப் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344இல், முடித்தது 1929இல். நடுவில் போரும் பணமுடையும் வந்து நூற்றாண்டுக் கணக்கில் பாதிக் கட்டடமாகவே நின்றது. நீங்கள் நுழையும் மேற்கு வாசல் பக்கம் புதியது, பீடம் இருக்கும் கிழக்குப் பக்கம் பழையது. ஆகவே உள்ளே நடக்க நடக்க நீங்கள் 20ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுக்குப் போகிறீர்கள். இடது பக்கம் மூன்றாவது சன்னலில் அல்போன்ஸ் முஹா என்ற செக் ஓவியரின் வண்ணக் கண்ணாடி இருக்கிறது. காலை வெளிச்சத்தில் அதன் நடுவிலிருக்கும் மஞ்சளும் சிவப்பும், ஓரங்களில் நீலமும் பச்சையுமாக மாறுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

அடுத்து பழைய அரண்மனை. இங்கே விளாடிஸ்லாவ் மண்டபத்தின் கூரையில் விலா எலும்பு போன்ற கல் வரம்புகள் கொடி மாதிரி பின்னிக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் குதிரை மேலேயே உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்தியிருக்கிறார்கள், அதற்காகவே அகலமான படிக்கட்டு. ஒட்டியுள்ள அறையின் சன்னல் வழியாகத்தான் 1618இல் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களின் செயலரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அதிலிருந்து மூண்ட போர் முப்பது ஆண்டு ஐரோப்பாவைச் சூறையாடியது. சன்னலருகே நின்று கீழே எட்டிப் பாருங்கள்.

திரும்பும்போது நெருடோவா தெரு வழியாக இறங்குங்கள். 1770இல் வீட்டு எண்கள் வருவதற்கு முன்னால் வீடுகளை அடையாளம் சொல்ல வாசலுக்கு மேல் சின்னங்கள் வைத்திருந்தார்கள்: மூன்று வயலின், இரண்டு சூரியன், தங்கச் சாவி. பல இன்னும் அப்படியே இருக்கின்றன. குழந்தைகள் கூட வந்தால் அவர்களையே தேடச் சொல்லுங்கள். தெரு முடியும் இடத்தில் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம், அங்கேயே 22ஆம் எண் டிராம். ஏறி அறைக்குப் போய்விடுங்கள். பாலம் பக்கத்தில்தான் என்று ஆசை காட்டும், இன்றைக்கு வேண்டாம்.

படி 6: இரண்டாம் நாள், விடியலில் பாலம்

சூரியன் உதிக்கும் நேரத்துக்கு ஸ்டாரோமெஸ்ட்ஸ்கா மெட்ரோவில் இறங்கினால் பாலம் சில நிமிட நடை. பகலில் தோளோடு தோள் உரசும் அதே இடத்தில் அப்போது ஓடுபவர்களும் புகைப்படக்காரர்களும் மட்டும்தான் இருப்பார்கள். 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் 30 சிலைகள். 1841 வரைக்கும் பிராக்கில் நதியைக் கடக்க இந்த ஒரே பாலம்தான்.

இதற்குக் கால்கோள் விழா நடத்த அரசர் நான்காம் சார்லஸ் நல்ல நேரம் பார்த்தார் என்று சொல்கிறார்கள்: 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. முகூர்த்தம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையை நம்பக் கஷ்டமே இல்லை.

படி 7: கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாலத்திலிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு வாருங்கள். காலை ஒன்பதிலிருந்து மணிக்கு ஒரு தரம் எலும்புக்கூடு மணியடிக்கும், இரண்டு சன்னல்களில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வந்துபோகும், சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைப் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்போதுதான் முன்னால் போய் நிற்க வேண்டும், ஏனென்றால் உண்மையான அதிசயம் பொம்மைகளுக்குக் கீழே இருக்கிறது.

1410இல் செய்த இந்தக் கடிகாரம் ஏறக்குறைய ஒரு பஞ்சாங்கம். முள்ளில் ஒரு தங்கச் சூரியன் நகர்கிறது. நீலப் பகுதியில் இருந்தால் பகல், கருப்பில் இருந்தால் இரவு. இன்னொரு முள்ளில் பாதி கருப்பு, பாதி வெள்ளியான சின்ன உருண்டை. அது தன்னைத்தானே சுற்றி வளர்பிறை, தேய்பிறையைக் காட்டுகிறது. நடுவில் ஓரமாகச் சாய்ந்திருக்கும் வளையத்தில் பன்னிரண்டு ராசிகள். சூரியன் எந்த ராசிமேல் நிற்கிறது என்று பார்க்கலாம். நம் கணக்கில் சித்திரை ஒன்றாம் தேதி மேஷத்துக்கு வரும் சூரியன், இங்கே மார்ச் 21 வாக்கிலேயே வந்துவிடும். அவர்கள் வசந்தச் சமநாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம். வெளி விளிம்பில் கருப்புப் பட்டையில் 24 தங்க எண்கள் இருக்கின்றன. போஹிமியா என்ற பழைய செக் நாட்டின் நேரம் அது, சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவார்கள். நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போல. அஸ்தமனம் தினமும் மாறுவதால் அந்தப் பட்டையும் ஆண்டு முழுக்க மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

படி 8: யோசெஃபோவ், அவசரமில்லாமல்

சதுக்கத்தின் வடக்கே பழைய யூதர் குடியிருப்பு. சனிக்கிழமை மூடியிருக்கும், நாள் பார்த்து வாருங்கள். நேரம் குறைவாக இருந்தால் பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்கும் அதை ஒட்டிய கல்லறைக்கும் மட்டும் போங்கள். கூடத்தின் சுவர்கள் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள், நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 செக் யூதர்கள். குடும்பப் பெயர் சிவப்பில் வரும், அதன் கீழ் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும். ஒரே குடும்பப் பெயரின் கீழ் பத்துப் பேர் வரும்போது அங்கேயே நின்று அத்தனையையும் படித்துவிட்டு நகருங்கள், அதுதான் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. மாடியில் நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. கூட வரும் சிறுவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

கல்லறையில் இடமில்லாமல் மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள், அதனால்தான் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டினுடையது. இதற்குப் பிறகு அன்றைக்கு வேறெதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 9: சாப்பாடு

வார நாள்களில் உள்ளூர்க்காரர்கள் மதிய மெனு சாப்பிடுவார்கள். பலகையில் "பொலெட்னி மெனு" என்று எழுதியிருக்கும், பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. சதுக்கத்தை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் விலை நன்றாகக் குறையும். சைவக்காரர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டியான ஸ்மாஷெனி சீர், உருளைக்கிழங்கு அடையான பிரம்போராக் இரண்டும் கைகொடுக்கும். இரண்டிலும் முட்டை உண்டு. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். "பெஸ் மஸா" என்றால் இறைச்சி இல்லாமல். சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, வியட்நாமியர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் நகரெங்கும் உண்டு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

படி 10: மூன்றாம் நாளும் கிளம்புவதும்

காலையில் வென்செஸ்லாஸ் சதுக்கம். சோவியத் படையெடுப்பை எதிர்த்து யான் பலாஹ் என்ற மாணவர் 1969 ஜனவரியில் தீக்குளித்த இடம் அங்கிருக்கும் தேசிய அருங்காட்சியக வாசலில் இருக்கிறது. தரையிலிருந்து புடைத்து எழும் வெண்கலச் சிலுவையைத் தேடுங்கள், மேலே பார்த்து நடப்பவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியை இறக்கிய மக்கள் திரண்டதும் இந்தச் சதுக்கத்தில்தான். பிற்பகல் சிவப்பு நிற சி பாதையில் விஷெஹ்ராட் போங்கள். நதியைப் பார்த்த பழைய கோட்டைச் சுவர், நல்ல நிழல், இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டானா, ட்வோர்ஷாக் இருவரின் கல்லறைகள். நெரிசல் குறைவு.

விமானத்துக்குப் போகும்போது வந்த வழியே ஏ பாதை, பிறகு 59ஆம் எண் டிராலிபஸ். துபாய், தோஹா வழியாகத் திரும்புபவர்களுக்கு டெர்மினல் 1. இன்னொரு ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் மாறுபவர்களுக்கு டெர்மினல் 2. மிச்சமிருக்கும் கொருனா நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.