வாசல்லயே வானவில் வரவழைக்கிறது எப்படி (ரெண்டு நாள் தண்ணிய வீணாக்கி கத்துக்கிட்டது)

ஆடிப்பெருக்குக்கு அக்காவும் அக்கா பொண்ணும் ஊருக்கு வந்திருந்தாங்க. நமக்கு திருவையாறு பக்கம், குடமுருட்டி கரையோரம். முதல் நாள் சாயங்காலம் வெயிலும் தூறலும் சேர்ந்து அடிச்சு, காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்னு தெருவே சிரிச்சுக்கிட்டு நிக்கிது, கிழக்க பெருசா வானவில் வேற. பாப்பா தூங்கிட்டு இருந்தா. எந்திரிச்சு விஷயம் தெரிஞ்சதும் ஒரே அழுகை. "எனக்கு இப்பவே வேணும் மாமா"ன்னு பிடிவாதம்.

மழைத்துளியில வெயில் பட்டா வானவில், ஸ்கூல்ல படிச்சதுதானே, இதென்ன பெரிய விஷயம்னு மறுநாள் பகல் 12 மணிக்கு மோட்டர போட்டு, ஹோஸ எடுத்து, சூரியனப் பாத்து மேல பீச்சி அடிச்சேன். ஒண்ணும் வரல. அடுத்த நாளும் அதே நேரம், அதே கூத்து, கூடுதலா பக்கத்து வீட்டு அத்தை மாடியில காய வெச்சிருந்த வடகம் பூரா நனைஞ்சு போச்சு. அவங்க திட்டினத இங்க எழுத முடியாது. மூணாவது நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு தென்னங்கன்னுக்கு தண்ணி விட்டுக்கிட்டே தற்செயலா கிழக்க திரும்பினேன், சூரியன் முதுகுல, ஹோஸ் வாயில விரல், எதிர்ல சும்மா பளிச்சுன்னு ஏழு கலர்ல நிக்கிது. நான் போட்ட சத்தத்துல பாப்பா செருப்பு கூட போடாம ஓடி வந்தா.

சரி, செய்முறைக்கு வரேன்.

முதல் வேலை, ஹோஸ தொடாதீங்க, உங்க நிழல தேடுங்க. நான் சறுக்கினது இங்கதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். வானவில் வட்டத்தோட நடுப்புள்ளி எங்க இருக்குன்னா உங்க தலையோட நிழல் விழுற இடத்துல. சூரியன் உங்க பின்மண்டைக்கு நேரா இருக்கணும். தலை நிழல்லேர்ந்து சுத்தி எந்தப் பக்கமா அளந்தாலும் 42 டிகிரி தள்ளி சிவப்பு இருக்கும், 40 டிகிரிக்கிட்ட ஊதா இருக்கும். டிகிரி அளக்க கருவி எதுவும் வேண்டாம், கைய முழுசா நீட்டி சாண் விரிச்சா சுமாரா 20 டிகிரி, அப்போ தலை நிழல்லேர்ந்து ரெண்டு சாண். அந்த இடத்துல துளி பறக்கணும், அவ்ளோதான் கணக்கு. நான் சூரியனப் பாத்து அடிச்சதுக்கு வருஷம் பூரா அடிச்சிருந்தாலும் வந்திருக்காது.

இதுலயே இன்னொண்ணு இருக்கு. வட்டத்தோட நடுவு உங்க நிழல்னா, நீங்க பாக்குற வில்லும் பக்கத்துல நிக்கிற ஆள் பாக்குற வில்லும் ஒண்ணு கிடையாது, அவங்கவங்களுக்கு அவங்கவங்க வில். பாப்பாகிட்ட "இது உன்னோடது, நான் பாக்குறது என்னோடது"ன்னு சொன்னேன், உடனே "அப்ப யாரோடது பெருசு"ன்னு கேட்டா.

நேரம். மானத்துல வர்ற வில்லுக்கு சூரியன் 42 டிகிரிக்கு கீழ எறங்கி இருக்கணும், இல்லன்னா வட்டம் மொத்தமும் தரைக்கு கீழ போயிடும். நம்ம டெல்டாவுல மார்கழியில கூட உச்சிப்பொழுதுக்கு சூரியன் 55 டிகிரிக்கு மேலதான் நிக்கிது, அதனால தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடின்னு எங்க நின்னு அண்ணாந்து பாத்தாலும் மத்தியானம் 12 மணிக்கு மானத்துல வானவில் வரவே வராது. காலையில 8.45க்கு முன்ன, சாயங்காலம் 3.45 தாண்டி, இந்த ரெண்டு நேரந்தான் எந்த மாசமும் நம்பலாம். சந்தேகமா இருந்தா ஒரு அடி ஸ்கேல நட்டு வெச்சு நிழல அளங்க, 13.5 இன்ச் தாண்டிருச்சுன்னா சூரியன் போதுமான அளவு எறங்கிடுச்சுன்னு அர்த்தம். இந்த மொபைல் ஆப் எல்லாம் எதுக்குங்க, குச்சி போதும்.

தண்ணி. ஹோஸ் வாய பெருவிரலால அமுக்கி விசிறி மாதிரி அடிக்கிறதுதான் எனக்கு பிடிச்ச முறை. கடையில விக்கிற நாசில்ல மெல்லிசா பிரியிற மாதிரி வெச்சாலும் நல்லா வருது. போர் பைப்புல கொட்டுற தண்ணி ஆகாது, அது கம்பியா விழும், துளியா பிரியாது. வயல்ல மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர தயவுசெஞ்சு எடுக்காதீங்க, எத்தன தடவ கழுவினாலும் உள்ள மருந்து நிக்கும், பக்கத்துல புள்ளைங்க வேற. ரொம்ப புகை மாதிரி பொடியா அடிச்சாலும் கலர் மங்கி வெளுத்துரும். மார்கழி விடியக்காலையில வயல் மேல மூடுபனி நிக்கிறப்ப, முதுகுப்பக்கம் சூரியன் வந்தா சில நாள் கலரே இல்லாம வெள்ளையா ஒரு வில் தெரியும், அதுவும் இதே சங்கதிதான், துளி அவ்ளோ பொடிசு.

பின்னாடி இருட்டா இருக்கணும். சுண்ணாம்பு அடிச்ச சுவருக்கு முன்னாடி அடிச்சா பாதி கலர் காணாம போயிடும். தென்னந்தோப்பு நிழல் நல்லது, இல்ல நெல்லு மூடுற கருப்பு தார்ப்பாய கொடியில போட்டு விடுங்க.

இப்ப ஏன் 42? துளிக்குள்ள வெயில் நுழையும்போது சொம்புத் தண்ணியில விட்ட குச்சி மாதிரி ஒடிஞ்சு திரும்பும், பின்பக்கம் பட்டு எதிரொளிக்கும், வெளிய வரும்போது இன்னொரு தடவ ஒடியும். துளியோட நடுவுல பட்ட கதிர் கிட்டத்தட்ட வந்த வழியே திரும்பிடும், ஓரத்துக்கு போகப் போக கோணம் கூடிக்கிட்டே வந்து 42 வரைக்கும் போயி மறுபடி குறைய ஆரம்பிக்கும். ஊஞ்சல் உச்சிக்கு போனதும் ஒரு நொடி நின்னு திரும்பும் பாருங்க, அந்த மாதிரி அந்த கோணத்துல கதிரெல்லாம் நெருக்கியடிச்சு கூடிடும், அதனாலதான் அங்க மட்டும் பளிச். மிச்ச கதிர் எல்லாம் 42க்கு உள்ளயே விழுறதால வில்லுக்கு உள்பக்கம் வெளிச்சமா, வெளிப்பக்கம் கொஞ்சம் கருத்து இருக்கும், அடுத்த தடவ மானத்துல பாக்குறப்ப கவனிச்சுப் பாருங்க. சிவப்பு கம்மியா ஒடியும், ஊதா கூட ஒடியும், அதான் கலர் பிரியுது. 1300கள் தொடக்கத்துல பாரசீகத்துல கமாலுத்தீன் அல்-ஃபாரிஸியும் ஜெர்மனியில தியோடோரிக்கும், ஒருத்தர ஒருத்தர் தெரியாமலேயே, கண்ணாடி உருண்டையில தண்ணி நிரப்பி அதையே ஒரு பெரிய மழைத்துளியா வெச்சு இத கண்டுபிடிச்சிருக்காங்க. 1637ல பிரெஞ்சு அறிஞர் டெகார்த் ஒவ்வொரு கதிரா கணக்கு போட்டு இந்தக் கோணத்த சொன்னாரு. சிடிய வெயில்ல காட்டி "இதான் வானவில்"னு வீடியோ போடுறவங்க மேல எனக்கு கோவமே வரும், அது வேற வித்தை, துளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சேர்த்தது: ஒரு டீச்சர் "உள்ள நடக்குறது முழு அக எதிரொளிப்புதானே"ன்னு கேட்டிருந்தாங்க. இல்லங்க, நானும் அப்படித்தான் படிச்சேன். வெளிச்சம் கொஞ்சமும் வெளிய போகாம முழுசா உள்ளயே திரும்புறதுதான் முழு அக எதிரொளிப்பு, வெளியேர்ந்து உருண்டைத் துளிக்குள்ள நுழைஞ்ச கதிருக்கு அதுக்கு வேண்டிய கோணம் உள்ள கிடைக்கவே கிடைக்காது. பெரும்பகுதி வெளிச்சம் பின்பக்கமா வெளிய போயிடும், கொஞ்சூண்டுதான் திரும்பி வருது, அந்த கொஞ்சத்துக்கே இவ்ளோ அழகு. உள்ள ரெண்டு தடவ பட்டு திரும்புறது 51 டிகிரிக்கிட்ட ரெண்டாவது வில்லா வரும், மங்கலா, கலர் வரிசை தலைகீழா.

இன்னொருத்தர், போட்டோவுல பாதி வில்தான் விழுதுன்னாரு. முழு அரைவட்டம் 84 டிகிரி அகலம், சாதா லென்ஸ்ல அடங்காது, மொபைல் கேமராவ 0.5ல (அகலமா எடுக்குற லென்ஸ்) வெச்சு எடுங்க. போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தா கழட்டிடுங்க, சில கோணத்துல வில்லோட ஒரு பகுதியவே அது முழுங்கிடும்.

மறுபடியும் சேர்த்தது: பகல்ல வராதுன்னு நான் அடிச்சு சொன்னதுக்கு கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி மொட்டைமாடி போட்டோ அனுப்பி என் மூக்க உடைச்சிட்டாரு. மானத்துலதான் வராது. மாடி ஓரம் நின்னு கீழ குனிஞ்சு தன்னோட நிழலச் சுத்தி தண்ணி தெளிச்சா, மத்தியானத்துலயும் வருது, அதுவும் முழு வட்டமா. சித்திரை முதல் வாரத்துலயும் ஆவணி முதல் பத்து நாளுக்குள்ளயும் உச்சியில நம்ம நிழல் காலடிக்கே வந்துடும், அப்ப வட்டத்துக்கு நடுவுல நாமளே நிக்கலாம். மாடியில தெளிக்கிறதுக்கு முன்னாடி வடகம் கிடக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.