லேபிள் பாதையை வால் பக்கத்திலிருந்து பாருங்கள்

எம்பிஎல்எஸ் (பாக்கெட்டில் ஒட்டிய எண்ணை, அதாவது லேபிளைப் பார்த்து அதை அனுப்பும் முறை) கற்கத் தொடங்கியபோது பாக்கெட் போகிற திசையிலேயே லேபிளும் போகிறது என்று நினைத்துக் குழம்பியவன் நான். எந்த லேபிளை ஒட்ட வேண்டும் என்ற அறிவிப்பு எதிர்த்திசையில் வருகிறது.

க, ச, த, ப என்று வரிசையாக நான்கு ரவுட்டர்கள். 'க'விலிருந்து 'ப'வுக்குப் பாதை வேண்டும். முதலில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) ஓடட்டும். ஒவ்வொன்றின் லூப்பேக்கும் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸின் முகவரி) மற்ற மூன்றுக்கும் தெரிய வேண்டும். லேபிள்களைப் பகிரும் நெறிமுறையான எல்டிபி சொந்தமாக வழி தேடாது. ரவுட்டிங் டேபிள் காட்டிய வழிக்கு லேபிள் ஒட்டும், அவ்வளவுதான். லூப்பேக்குக்கு மாஸ்க் /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும். காரணம் கீழே வருகிறது.

அடுத்து, இணைப்பு இன்டர்ஃபேஸ்களில் எல்டிபியை இயக்குங்கள். பக்கத்து ரவுட்டர்கள் 224.0.0.2 முகவரிக்கு யுடிபி 646 வழியாக ஹலோ அனுப்பும்; பிறகு டிசிபி 646-இல் செஷன் எழும். ஹலோ வந்தும் செஷன் எழவில்லையா? லூப்பேக்குகள் ஒன்றையொன்று எட்டுகின்றனவா என்று பாருங்கள். நடுவில் ஏதாவது ஆக்சஸ் லிஸ்ட் (பாக்கெட்டுகளை வடிகட்டும் விதிப்பட்டியல்) அந்த டிசிபி போர்ட்டைத் தடுக்கவும் கூடும்.

இனி லேபிள். 'ப' தன் லூப்பேக்குக்கு 3 என்று 'த'விடம் சொல்லும். 3 பாக்கெட்டில் ஒட்டப்படுவதே இல்லை. "என்னிடம் அனுப்பும் முன் கழற்றிவிடு" என்பதே அதன் பொருள். 'த' 24 என்று 'ச'விடம் சொல்கிறது, 'ச' 31 என்று 'க'விடம். (0 முதல் 15 வரை ஒதுக்கப்பட்டவை.) பாக்கெட் கிளம்பும்போது 'க' 31 ஒட்டும், 'ச' அதை 24 ஆக மாற்றும், 'த' கழற்றும். இந்த எண்கள் அந்தந்த ரவுட்டருக்கு மட்டுமே சொந்தம். வேறொரு ரவுட்டரும் 24 கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம்.

சரிபார்ப்பதையும் 'ப'விலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு ரவுட்டரின் வெளியேறும் லேபிளும் அடுத்த ரவுட்டர் அறிவித்த எண்தானா?

ஒருமுறை 'ப' இடத்திலிருந்த ரவுட்டரின் லூப்பேக்குக்கு /24 மாஸ்க் போட்டுவிட்டேன். ஓஎஸ்பிஎஃப் அதை /32 ஆகவே அறிவித்தது. எல்டிபியோ /24-க்கு லேபிள் கொடுத்தது. இரண்டும் பொருந்தாததால் 'த'வுக்கு லேபிள் கிடைக்கவில்லை. செஷன்கள் எல்லாம் உயிரோடு, சாதாரண பிங்கும் பதில் தந்தது. உள்ளே இன்னொரு லேபிளும் சுமக்கும் விபிஎன் பாக்கெட்டுகள் மட்டும் 'த'வில் விழுந்துகொண்டே இருந்தன. பாதி இரவு போனது. அதிலிருந்து எல்எஸ்பி பிங் (லேபிள் பாதை வழியாகவே அனுப்பும் பிங்) போட்டுப் பார்க்காமல் வேலையை முடிப்பதில்லை.

எம்டியூவையும் (இணைப்பு ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) கவனியுங்கள்: ஒரு லேபிளுக்கு 4 பைட். விபிஎன்னுக்கு வழக்கமாக இரண்டு லேபிள், 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிவிடும்.

ஓஎஸ்பிஎஃப் காட்டும் வழி வேண்டாம், நான் சொல்லும் வழியில்தான் போக வேண்டும் என்றால் ஆர்எஸ்விபி-டிஇ என்ற நெறிமுறை. 'க' வழிப்பட்டியலோடு பாத் செய்தி அனுப்பும். 'ப'விலிருந்து திரும்பும் ரெசர்வ் செய்திதான் லேபிளைக் கொண்டுவரும். இங்கேயும் வாலிலிருந்துதான்.

இதுவரை போட்டது ஒருவழிப் பாதை. 'ப'விலிருந்து 'க'வுக்கு வருவது வேறு பாதை. அதை 'க'விலிருந்து தொடங்கித் தனியாகச் சரிபாருங்கள்.