ஊர்த் தோட்டத்தில் பங்குனி மாத அவசரங்கள்

சென்ற வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஐந்து இளைஞர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் 20 சென்ட் பொது நிலத்தில் ஊருக்கென்று ஒரு தோட்டம் போடப் போகிறார்களாம். "ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள் அக்கா" என்றார்கள். மறுநாள் காலையிலேயே போனேன். நிலத்தின் நடுவில் இரண்டு டிப்பர் செம்மண் புதிதாகக் கொட்டியிருந்தது. எங்கிருந்து வந்த மண் என்று கேட்டேன். "வண்டிக்காரர் நல்ல மண் என்றார், அக்கா" என்று பதில் வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

தாராபுரம் வட்டாரத்தில், காற்று அதிகமும் மழை குறைவுமான ஒரு கிராமம் எங்களுடையது. 22 குடும்பங்கள் சேர்ந்து 30 சென்டில் தொடங்கிய தோட்டம் இன்றும் நடக்கிறது. உச்சி வெயிலில் தண்ணீர் விடக்கூடாது, நாற்றைப் பையோடு நடக்கூடாது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களே மறுபடி மறுபடி செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வசந்தம் வந்துவிட்டது என்று விதைப்பது

குளிர் நாட்டுத் தோட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மார்ச் மாதத்தில் எல்லாவற்றையும் விதைக்கத் துடிக்கிறார்கள். அங்கே அது சரி. உறைபனி விலகி மண் இளகும் காலம் அது. நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அதற்குள்தான் கத்தரி வெயிலும் வருகிறது. பங்குனிக் கடைசியில் தக்காளி நாற்று நட்டால் செடி வளரும், பூவும் வரும். ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கியதும் பூக்கள் பெரும்பாலும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பிள்ளைகள் ஆசையோடு காத்திருந்து ஏமாந்து போவார்கள்.

தண்ணீர் வசதி இருந்தால் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பூசணி, தண்டுக்கீரை ஆகியவற்றைப் போடலாம். அவை வெயிலைத் தாங்கும். மற்றவற்றுக்கு ஆடிப் பட்டம் வரட்டும். மரக்கன்று நடுவதற்கு எங்கள் பக்கம் புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் இணையான காலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை வேரைப் பார்த்துக்கொள்ளும். பங்குனி, சித்திரை என்பவை குழி எடுக்கவும், எரு மட்க வைக்கவும், கோடை உழவுக்கும், கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்ப்பதற்கும் உரிய மாதங்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். அப்படியில்லை, அந்த இரண்டு மாதம்தான் வருகிற ஆண்டு முழுவதையும் தீர்மானிக்கிறது.

வேலி

விதைக்கு முன் வேலி. கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு, இடையில் ஆடாதொடையும் நொச்சியும் வைத்தால் ஆடு வாய் வைக்காது.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மண்

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் கலந்த கரட்டு நிலம். மண்வெட்டி போட்டால் ஓசை கேட்கும். அதைப் பார்த்துச் சலித்துப்போய், வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து பாத்தி கட்டிவிட்டால் ஒரே பருவத்தில் காய் பறிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து மூன்று டிப்பர் மண் வாங்கினோம். பார்க்க அருமையான மண். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். எங்கோ வாய்க்கால் ஓரத்தில் எடுத்தது என்று பின்னால்தான் தெரிந்தது. பெரியவர் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்து, கறுப்பாகச் சுண்டைக்காயளவில் இருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "இது என்னவென்று தெரியுமா, அம்மிணி?" என்றார். ஏதோ காய்ந்த வேர் என்று நினைத்து வீசிவிட்டேன். அது கோரைக்கிழங்கு.

தண்ணீர் விட்ட பன்னிரண்டாம் நாள் பாத்தியெங்கும் பச்சை ஊசிகள் கிளம்பின. விதைத்த கீரைதான் முளைக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வாரத்தில் கீரையை எங்கும் காணவில்லை. பளபளவென்று கரும்பச்சையாக, கத்தி போன்ற இலைகளோடு கோரை மட்டும் நின்றது. அதன் பூந்தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு அப்படி இருக்காது. இந்த ஒன்றை அன்றே தெரிந்துவைத்திருந்தால் முதல் வாரத்திலேயே விழித்திருப்போம்.

அதன் பிறகு செய்தவைதான் இன்னும் பெரிய தவறுகள். முதலில் கையால் பிடுங்கினோம். மேலிருக்கும் தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். நான்கைந்து நாளில் மறுபடி தளிர்க்கும். அடுத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிக்கலாம் என்று வாடகைக்கு ரோட்டவேட்டர் பிடித்து ஓட்டினோம். கோரைக்கிழங்குகள் தனித்தனியாக இருப்பதில்லை. கயிற்றில் மணி கோத்ததுபோல் நூலிழை போன்ற தண்டில் வரிசையாகக் கோத்திருக்கும். அந்தச் சரம் அறாமல் இருக்கும்வரை அதில் பல கிழங்குகள் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். சரத்தை அறுத்துவிட்டால் உறங்கியவை விழித்துத் தனித்தனிச் செடிகளாகின்றன. இயந்திரம் ஆயிரக்கணக்கான சரங்களை அறுத்து, மூலையில் இருந்ததை நிலம் முழுவதும் பரப்பிவிட்டுப் போயிற்று. ஈரம் இருந்ததால் அத்தனையும் முளைத்தன.

பிறகு கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மூடினோம். வேறு எந்தக் களையும் அடங்கிவிடும். கோரையின் முளை ஊசிபோல் அதைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. களைக்கொல்லி அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம், வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் மட்டும் எனக்கு இன்றுவரை மாற்றமில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஆட்கள். நாளெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் தோட்டத்துக்கு வருகிற பெண்கள், வருகிற ஒவ்வொரு நாளும் கோரையே பிடுங்க வேண்டுமென்றால் எத்தனை நாள் வருவார்கள்? 22 குடும்பங்களில் 13 குடும்பங்கள் ஆறு மாதத்தில் நின்றுவிட்டன. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் நான்கு குடும்பங்கள் இன்றுவரை திரும்பவில்லை. புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்கள் களையைச் செடிகளின் எதிரி என்று மட்டும் நினைக்கிறார்கள். அது ஒரு கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பது அனுபவிக்கும்போதுதான் புரிகிறது.

மீட்டது எப்படி என்றால், சித்திரை வெயிலால். தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். நிலம் நன்றாகக் காய்ந்த பிறகு கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் முக்கால் அடி ஆழத்துக்குக் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் புரட்டினோம். கட்டிகளை உடைத்துக் கிழங்குகளைக் கையால் பொறுக்கினோம். பள்ளி விடுமுறை ஆகையால் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு வந்து ஒன்பது மணிவரை பொறுக்குவார்கள். பொறுக்கியதைப் படியால் அளந்து, பாறைமேல் பரப்பிச் சருகாகக் காயவிட்டோம். முதல் கோடையில் பதினேழு படி, இரண்டாம் கோடையில் ஒன்பது, மூன்றாவதில் இரண்டு படிக்கும் குறைவு. முத்தக்காசு என்ற பெயரில் இதே கிழங்கு நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஊரில் சிலர் தங்கள் தேவைக்குக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். மீதியை எரித்தோம். எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே அது சாகாது, எருவோடு எருவாக நிலத்துக்கே திரும்பிவிடும்.

இரண்டு கோடைக்கும் இடையில் நிலத்தை வெறுமையாக விடவில்லை. கோரைக்கு நிழல் ஆகாது. ஆடி மழைக்குச் சணப்பை நெருக்கமாக விதைத்து, பூக்கும்போது அறுத்து அப்படியே தரையில் பரப்பினோம். அதற்குப் பிறகு சர்க்கரைவள்ளியும் பூசணியும். கொடி தரையை மூடிய இடங்களில் கோரை வெளிறி மெலிந்தது. இப்போதும் தொட்டியடியில் அங்கொன்றும் இங்கொன்றும் எட்டிப் பார்க்கிறது. பார்த்தவர் அன்றைக்கே கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்தின் கட்டுப்பாடு.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முடிந்தவரை வெளிமண் வாங்காதீர்கள். மட்கிய தொழுவுரம், சருகு, இரண்டு பருவம் பசுந்தாள் உரம் என்று கொடுத்தால் எங்கள் கரடே இன்று மண்புழு காட்டுகிறது. கட்டாயம் வாங்க வேண்டுமென்றால், மண் இருக்கும் இடத்துக்கே போய் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். குளத்து வண்டல் நல்ல உரம்தான். ஆனால் நீர்க்கரை கோரைக்குப் பிடித்த இடம் என்பதால் அதற்கும் இதே சோதனை வேண்டும். குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து மண் எடுத்து, ஓர் அகலத் தட்டில் நான்கு விரல் உயரத்துக்கு நிரப்பி, வெயில் படும் இடத்தில் ஈரம் காயாமல் மூன்று வாரம் வையுங்கள். முளைப்பதைப் பார்த்துவிட்டு லாரியை வரச் சொல்லுங்கள். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் நாங்கள் மூன்று ஆண்டுகளைக் கொடுத்தோம்.

பச்சைச் சாணம்

போடாதீர்கள். மட்காத சாணத்தோடு வெள்ளைப்புழுவும் கறையானும் வரும்.

உழுவதற்கு முன் நடந்து பார்க்காதது

கோடை உழவு நல்லது. ஆனால் அதே வெயில் மாதங்களில்தான் ஆள்காட்டிக் குருவி திறந்த கரட்டு நிலத்தில் முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் இருக்காது. கூழாங்கற்களுக்கு நடுவில் சிறு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, கல்லின் நிறத்திலேயே. மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை உங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றினால் காலை எடுத்து வைக்கும் முன் நில்லுங்கள். நாங்கள் உழவுக்கு முந்தின நாள் பிள்ளைகளை ஒரு கை இடைவெளியில் வரிசையாக நிற்கவைத்து நிலம் முழுக்க மெதுவாக நடக்கவிடுவோம். முட்டை இருந்தால் நான்கு பக்கமும் குச்சி நட்டு அந்த இடத்தை உழாமல் விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எதுவும் இல்லை.

பட்ட கிளைகளைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டுவதும் இதே வகைதான். 'டொக் டொக்' என்று நாள் முழுக்கக் கொல்லன் பட்டறை ஓசை எழுப்புகிற செம்மார்புக் குக்குறுவான், பட்ட கிளையில்தான் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். பாதையில் விழும் என்ற பயம் இல்லாத கிளையை விட்டுவிடுங்கள்.

கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை வீட்டுக்குத் தூக்கிவந்து பாலூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்பது உண்மையல்ல. கூட்டில் திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சு என்றால், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

சிட்டுக்குருவிப் பெட்டி

மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் என்று ஆளுக்கொரு பெட்டி செய்து வெட்ட வெயிலில் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். உள்ளே குஞ்சு வெந்துவிடும். பெட்டியின் துளை 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். பெரிதாக வைத்தால் மைனா நுழையும். கூரை நிழலில், சுவரோடு ஆடாமல் பொருத்துங்கள். பறவைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், தினமும் கழுவி மாற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசு வளர்ப்பீர்கள்.

விதைப்பந்து

சித்திரையில் உருட்டுங்கள், மழைக்கு முன் வீசுங்கள். பங்குனியில் வீசினால் எறும்புக்கும் எலிக்கும்தான் தீனி.

ஒருநாள் கூத்து

படம் எடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வருவதில் நிலத்துக்கு எந்தப் பயனும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் என்று நோட்டில் குறிக்கிறார்கள். 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் நாடு முழுவதும் மாணவர்கள் செய்வதும் இதைத்தான். புங்கம் எப்போது மொட்டையாகி எப்போது பச்சை கட்டுகிறது, வேம்பு எந்த வாரம் பூக்கிறது என்று எங்கள் நோட்டில் ஐந்து ஆண்டுக் கணக்கு இருக்கிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவை மரத்தடியில் துணி விரித்து அவர்களேதான் பொறுக்குகிறார்கள்.

பறிப்பது யார்

முதல் காய் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்களுடையது: தண்ணீர் முறை யாருக்கோ, அந்த வாரப் பறிப்பில் முதல் பங்கு அவருக்கு, மீதி பள்ளிச் சமையலுக்கு. காய் தொங்கும்போது பேசினால் சண்டைதான் வரும்.

பக்கத்து ஊர்த் தம்பிகளின் மண்ணில் ஒரு தட்டு நிரப்பி என் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். இன்று எட்டாம் நாள். இரண்டு அருகம்புல், ஒரு சாரணை முளைத்திருக்கின்றன. கோரை இன்னும் இல்லை. தினமும் மாலையில் ஒருவன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். "பரப்பிவிடலாமா அக்கா?" என்று இன்றும் கேட்டான். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது, அதுவரை குவியலில் மண்வெட்டி படக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.