அழித்த ஹிஸ்டரி திரும்பி வருகிறதா? எக்ஸ்டென்ஷனைச் சோதிக்கும் வழி

பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷன்மேல் பழி போடுமுன், ஹிஸ்டரியை (பார்த்த பக்கங்களின் பட்டியலை) அழித்த விதத்தைச் சரிபாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் கால அளவு கடைசி ஒரு மணி நேரம் என்றோ அதற்கும் குறைவாகவோ இருக்கக்கூடும். முழுக் காலத்துக்கும் மாற்றி அழியுங்கள். ஹிஸ்டரிக்கான டிக் பெட்டியே மங்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் அலுவலகமோ பெற்றோர் கட்டுப்பாடோ போட்ட பூட்டு.

அழித்தும் திரும்பி வந்தால் நேரத்தைப் பாருங்கள். ஹிஸ்டரி அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷனுக்கு, நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்ற தகவல் உடனே போய்ச் சேரும். தன்னிடம் உள்ள நகலிலிருந்து முகவரிகளை மீண்டும் சேர்க்கவும் அதனால் முடியும். குரோமில் அப்படிச் சேர்ப்பவை சேர்த்த நேரத்தோடுதான் பதிவாகும். போன வாரம் பார்த்த பக்கங்களெல்லாம் இன்று ஒரே நிமிடத்தில் வரிசையாக நின்றால் எக்ஸ்டென்ஷன் வேலைதான். பழைய நேரத்தோடேயே வந்தால், உங்கள் மற்றச் சாதனங்களோடு ஹிஸ்டரியைப் பகிரும் சிங்க்கை நிறுத்திவிட்டு மறுபடி அழித்துப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் இந்தத் தடயத்தை நம்ப முடியாது. அங்கே பழைய நேரத்தையும் சேர்த்தே எழுத எக்ஸ்டென்ஷனுக்கு வழி உண்டு.

இன்காக்னிட்டோவில் சோதிப்பது வீண். அங்கே ஹிஸ்டரியே பதிவாகாது. குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபயர்பாக்ஸிலும் அப்படியே செய்யுங்கள்; உதவி மெனுவில் உள்ள, எக்ஸ்டென்ஷன்களை அணைக்கும் ட்ரபிள்ஷூட் மோட், பிரவுசரை மூடித் திறந்ததும் விலகிவிடும். அழித்து, பிரவுசரை மூடித் திறங்கள். சுத்தமாக இருந்தால் குற்றவாளி அணைத்த எக்ஸ்டென்ஷன்களுக்குள்தான்.

இனி, விவரப் பக்கத்தில் ஹிஸ்டரியைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி உள்ளவற்றை மட்டும் முதலில் ஒவ்வொன்றாக இயக்குங்கள். பிடிபடவில்லையா? மீதியைப் பாதி பாதியாக இயக்குங்கள்; 16 இருந்தாலும் நான்கு சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து பக்கங்களைப் பார்த்து, அழித்து, பிரவுசரை மறுபடி திறக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் தொடங்கும்போது மட்டும் எழுதுகிற எக்ஸ்டென்ஷன் தப்பிவிடும்.

ஆளைப் பிடித்ததும் அணைத்துவைத்தால் போதாது, நீக்குங்கள். எக்ஸ்டென்ஷன் தன் சேமிப்பில் வைத்த நகல், ஹிஸ்டரியை அழித்தாலும் போகாது. அதற்குத் தனிக் கணக்கு இருந்தால், நீக்குமுன் அதன் அமைப்புகளுக்குள் போய்ச் சர்வரில் உள்ளதையும் அழித்துவிடுங்கள். நீக்கும் பொத்தானே இல்லையென்றால் அது பாலிசி (கணினி நிர்வாகி போடும் விதி) வழியாகத் திணிக்கப்பட்டது. அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் போங்கள். சொந்தக் கணினி என்றால் மால்வேர் ஸ்கேன்தான் அடுத்த வேலை.