குறியாக்கப் பிழையை ‘இக்னோர்’ போட்டு மறைக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் பைத்தான் நிரல்மொழி கற்க வரும் பிள்ளைகள், ஆண்டுதோறும் ஆள் மாறினாலும், தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது ஒரே குழியில்தான் விழுகிறார்கள். அடைப்புக்குறியை மூட மறப்பது போன்றவற்றைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிழைச் செய்தியின் வாயை அடைப்பது

கோப்பில் எழுத்துகள் பைட்டுகள் எனும் எண்களாகவே இருக்கின்றன; எந்த எண்கள் எந்த எழுத்து என்ற விதிதான் குறியாக்கம். பைட்டுகளை எழுத்தாக்கும் ‘டிகோட்’ கட்டளை, குறியாக்கம் எதுவென்று நாம் சொல்லாவிட்டால், தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ பல காலமாக இயங்குதளத்தின் வழக்கத்தையே பின்பற்றி வந்திருக்கிறது. நம் பக்கத்து விண்டோஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வழக்கம், தமிழுக்கு இடமில்லாத சிபி-1252 என்ற குறியாக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்து விவசாயிகளின் பெயர்ப் பட்டியலை ஒரு மாணவர் குறியாக்கத்தைச் சொல்லாமல் இப்படித்தான் திறந்தார். பிழை வந்ததும் பிழையை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ‘எர்ரர்ஸ்’ என்ற இடத்தில், படிக்க முடியாத பைட்டுகளை விட்டுவிடச் சொல்லும் ‘இக்னோர்’ என்று எழுதினார். பிழை நின்றது, திரை முழுவதும் குப்பை எழுத்துகள். “அப்புறம் மாத்திக்கலாம் சார்” என்றார். மாற்றவே முடியாது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல்.

யூடிஎஃப்-8இல் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகள்; உகரக் குறி 224, 175, 129. சிபி-1252இல் 129, 141 ஆகிய இரண்டுக்கும் எழுத்தே இல்லை. ‘இக்னோர்’ அவற்றைத் தூக்கி எறிந்துவிடுவதால் இரு குறிகளிலும் 224, 175 மட்டுமே மிஞ்சுகின்றன; வேல் என்பவரும் வேலு என்பவரும் பட்டியலில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட்டுகளான 143, 144 ஆகியவற்றுக்கும் இதே கதிதான். பைட்டுகள் முழுமையாக இருந்திருந்தால், குப்பையைச் சிபி-1252ஆகத் திருப்பி எழுதி, யூடிஎஃப்-8ஆகப் படித்து மீட்டிருக்கலாம்.

எனவே, ஒவ்வொரு ‘ஓப்பன்’ அழைப்பிலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதுங்கள். பிழை கையாளும் முறை, பிழை கண்டதும் நிறுத்திவிடும், இயல்பாக உள்ள ‘ஸ்ட்ரிக்ட்’ ஆகவே இருக்கட்டும்.

‘ரீப்ளேஸ்’

படிக்க முடியாத பைட்டுகளின் இடத்தில் ஒரு மாற்றுக் குறியை வைக்கும் இந்த முறை, திரையில் காட்டுவதற்கு மட்டும். கோப்பில் சேமிப்பதற்கு அன்று.

படிக்கும்போது ஒன்று, எழுதும்போது ஒன்று

பழுதான பைட்டுகளையும் காப்பாற்றியாக வேண்டுமென்றால், பைத்தான் 3.1 முதல் ‘சரோகேட்எஸ்கேப்’ என்ற கையாளும் முறை இருக்கிறது. அது படிக்க முடியாத ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனிக் குறியை வைத்து, எழுதும்போது அதே பைட்டைத் திருப்பித் தருகிறது. ஆனால் இரு முனையிலும் அதே குறியாக்கமும் அதே கையாளும் முறையும் இருக்க வேண்டும். படிப்பதை இதில் படித்துவிட்டு, எழுதுவதை ‘ஸ்ட்ரிக்ட்’டில் விட்டால், பிழை வேறொரு வரியில், காரணம் புரியாத இடத்தில் வெடிக்கும்.

துண்டு துண்டாகப் படித்தல்

பெரிய கோப்பை 4096 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் படிக்கும்போது கவனம்: யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், 4096 என்பது மூன்றால் வகுபடாது; தமிழ் எழுத்து நடுவில் அறுபடலாம். அங்கே, அறுபட்ட பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை வைத்திருந்து சேர்த்துப் படிக்கும் ‘இன்கிரிமென்ட்டல் டிகோடர்’ பயன்படுத்துங்கள்.