அமெரிக்காவில் வேலட் பார்க்கிங்: டிப்ஸ் யாருக்கு, எப்போது, எவ்வளவு?

வேலட் பார்க்கிங் என்றால், காரை வாசலில் ஒப்படைத்தால் ஊழியரே நிறுத்தி, கேட்கும்போது திரும்பக் கொண்டுவந்து தருவது. ஹோட்டலில் அதற்குக் கட்டணமாக ஐம்பது டாலர் கட்டிய பிறகு தனியாக டிப்ஸ் எதற்கு என்று அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தயங்குவார்கள். அந்தக் கட்டணம் ஹோட்டலுக்கோ பார்க்கிங் நிறுவனத்துக்கோ போகிறது; காரைக் கொண்டுவந்து தருகிறவரின் கைக்குப் போவதில்லை. டிப்ஸ் வாங்கும் வேலைக்கு முதலாளி தரவேண்டிய கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் இது ஏறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து, பொதுவான குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமலே முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. அங்கேயும் டிப்ஸ் வழக்கம் மாறவில்லை.

படி 1: சில்லறை

பலரும் சறுக்குவது இங்கேதான். ஏடிஎம் பெரும்பாலும் 20 டாலர் தாள்களையே தரும். வாசலில் நின்றுகொண்டு "மீதி இருக்கிறதா?" என்று கேட்பது இருவருக்கும் சங்கடம். ஹோட்டல் வரவேற்பு மேசையில் கேட்டால் 20 டாலரை ஒன்றும் ஐந்துமாக மாற்றித் தருவார்கள். அதைப் பர்ஸில் வைக்காமல் தனிப் பாக்கெட்டில் வையுங்கள். நாணயங்களாகக் கொடுக்க வேண்டாம்.

படி 2: காரை ஒப்படைக்கும்போது

பாஸ்போர்ட், லேப்டாப், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காரின் நான்கு பக்கத்தையும், ஓடிய மைல் கணக்கையும் போனில் படம் எடுங்கள். வாடகைக் காராக இருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. வாடகைக் காரின் இரண்டு சாவிகள் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள். டெஸ்லா என்றால் வேலட் மோடைப் போட்டுவிடலாம்: வேகம் மணிக்கு 70 மைலுக்கு மேல் போகாது, முன்பக்க டிக்கியும் கையுறைப் பெட்டியும் பூட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டை வாங்கியதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டணம் ஓர் இரவுக்கா, ஒவ்வொரு முறைக்குமா? வேலட் எத்தனை மணிக்கு மூடும்?

இந்தக் கட்டத்தில் டிப்ஸ் கட்டாயமில்லை. அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும், கார் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும் என்பதுபோல ஏதாவது கேட்பதாக இருந்தால் இப்போதே 5 டாலர் கொடுப்பது நல்லது.

படி 3: காரைத் திரும்பப் பெறும்போது

டிப்ஸுக்கு உரிய நேரம் இதுதான். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே போனிலோ குறுஞ்செய்தியிலோ காரைக் கேட்டுவிடுங்கள். கார் வந்ததும் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிறகு, காரை ஓட்டிவந்தவரின் கையில் தாளை மடித்துக் கொடுத்து நன்றி சொல்லுங்கள். மேசையில் நிற்கும் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டியதில்லை.

சாதாரணமாக 2 முதல் 5 டாலர். பெரிய நகர ஹோட்டல்களில் 5 டாலரே பொருத்தம். கொட்டும் மழை, பனி, ஆறு பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக் கொடுத்தது என்றால் 10 வரை போகலாம். கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட வேண்டாம், அது உணவகப் பில்லுக்கான முறை. ஆனால் கார் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். மூன்று நாள் தங்கி, நாளுக்கு இரண்டு முறை காரை எடுத்தால், 4 டாலர் வீதம் 24 டாலர். பயணச் செலவில் இதையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

சிக்கல் வந்தால்

கீறல் தெரிந்தால் காரை அங்கிருந்து நகர்த்தாதீர்கள். மேற்பார்வையாளரை அழைத்து, எழுத்தில் புகார் பதிந்து, நகல் வாங்குங்கள். கிளம்பிய பிறகு, கீறல் அங்கேதான் விழுந்தது என்று காட்டுவது மிகக் கடினம். கார் வரத் தாமதமானால் அதற்காக டிப்ஸை நிறுத்துவது நியாயமில்லை. பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான் காரணம், ஓடிவருகிறவர் அதற்குப் பொறுப்பில்லை.

கையில் பணமே இல்லையா? க்யூஆர் குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அறைக் கணக்கில் டிப்ஸைச் சேர்க்க முடியுமா என்று வரவேற்பு மேசையில் விசாரியுங்கள். கார்டில் கட்டணம் கட்டும்போது திரையில் ஏற்கெனவே டிப்ஸ் சேர்த்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டாம்.

'வேலட் இலவசம்' என்ற பலகை கட்டணத்தைப் பற்றியது மட்டுமே. அங்கேயும் வழக்கமான டிப்ஸ் உண்டு. கல்யாண வரவேற்பில் விருந்தளிப்பவரே டிப்ஸ் கொடுத்திருந்தால் வேலட் மேசையில் எழுதி வைத்திருப்பார்கள். சில மருத்துவமனைகளில் ஊழியர்கள் டிப்ஸ் வாங்கவே கூடாது என்று விதி உண்டு. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், வாங்கினால் அவருடைய வேலைக்கே சிக்கல் வரலாம்.